சுகுபாவுக்குச் சென்ற காலிப்பர்

தூரதேசப் பயணம் புறப்படும் ஒருவர் தமது பெட்டியில் எவற்றையெல்லாம் வைப்பார்? உடுதுணிகள் வைப்பார், மாசித் தூளும் ஊறுகாயும் வைப்பார், அங்கிருக்கும் பிள்ளைக்கென்று வீட்டார் கட்டிக் கொடுக்கும் பலகாரங்களை வைப்பார். 2024 நவம்பரில் நான் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது இவற்றோடு ஒரு பழைய இரும்புக் காலிப்பரும் என் பெட்டியில் இருந்தது. இரு புறமும் எஃகுக் கம்பிகள், தொடை முதல் கணுக்கால் வரை நான்கு தோல் பட்டைகள், அடியில் கம்பியோடு பிணைக்கப்பட்ட ஒரு கனத்த பூட்ஸ். சென்னை விமான நிலையத்தில் ஊடுகதிர்த் திரையில் அதைக் கண்ட காவலர், பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சற்று நேரம் அதையே பார்த்தவர், "யாருடையது?" என்று வினவினார்.

"என் மூத்த சகோதரியுடையது."

"அவங்க வரலையா?"

காலிப்பர் கடல் கடந்து போகிறது, அதை அணிந்து நடந்தவரோ அதிராம்பட்டினத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார் என்பதை அந்தக் காவலருக்கு இரண்டு வரிகளில் எப்படி விளக்குவது? "அவங்க மகன் கேட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைத் தம் கையாலேயே மூடிக் கொடுத்தார்.

விவரத்தைத் தங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். என் ராத்தாவுக்கு 3 வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டது. அது 1976ஆம் ஆண்டு. நான் பிறப்பதற்கு முன்பு. இந்நாட்டின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை என்பதும், 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது என்பதும் நம் எல்லோருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு முன் கால் இழந்தவர்கள் இன்னும் நம்மிடையே, நம் வீடுகளிலேயே, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ராத்தாவின் வலது கால் அன்றே சூம்பிப் போயிற்று. பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் உம்மா தினமும் காலையில் அவர் முன்னே மண்டியிட்டு அமர்ந்து, நான்கு பக்கிள்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டுவார். திருமணமான பின் மச்சான் சவூதிக்குப் போய்விட, அந்த வேலை மகன் கைக்கு வந்தது. ஐந்து வயதுப் பையன், தன் பள்ளிச் சீருடையின் பொத்தானைப் போடத் தெரியாத பருவத்தில், தாயின் காலிப்பரைப் பூட்டக் கற்றுக்கொண்டான்!

அந்த மருமகன்தான் இப்போது ஜப்பானின் சுகுபா நகரில் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருக்கிறான். அவன் ஆராய்வது என்ன தெரியுமா? மோட்டாரால் இயங்கும் கால்தாங்கிகளை, திருப்புளி, ஸ்பானர் முதலிய எந்தக் கருவியும் இன்றி, அணிபவரே தம் கையால் பூட்டவும் கழற்றவும் ஏற்ற பிணைப்புகள். "உம்மாவின் பழைய காலிப்பரை எடுத்து வாருங்கள் மாமா" என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்தா மட்டும் உடனே எழுந்து போய், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பிளாஸ்டிக் காலிப்பரை மாட்டிக்கொண்டு, இதைத் துடைத்துக் கொடுத்தார். புதியது எடை குறைவு. ஆனால் பழையதுதான் உடம்புக்கு இணங்கும் என்பது அவருடைய நெடுநாளைய கட்சி.

டோக்கியோவின் அகிஹபாரா நிலையத்திலிருந்து சுகுபாவுக்கு விரைவு ரயிலில் 45 நிமிடம், தூரம் 58.3 கிலோமீட்டர். 2005இல் திறக்கப்பட்ட பாதை இது. நகரத்தின் நெரிசல் முடிந்து, அறுவடை முடிந்த நெல் வயல்கள் தென்படத் தொடங்கியதும் எனக்கு நம் தஞ்சைத் தரணியின் நினைவு வந்துவிட்டது. இடையில் மோரியா என்றொரு நிலையம். அதைத் தாண்டியதும் ரயிலுக்கு வரும் மின்சாரத்தின் வகையே மாறுகிறதாம்! அப்பகுதியில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது; நேர்மின்னோட்டம் அதன் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், அதற்கப்பால் மாறுமின்னோட்டத்தில் ரயிலை ஓட்டுகிறார்கள். ஒரு நுட்பமான கருவிக்காக ஒரு ரயில் பாதையே வழிவிட்டிருக்கிறது.

சுகுபா தானாக வளர்ந்த ஊரன்று. 1963இல் அரசு தீர்மானித்து, டோக்கியோவிலிருந்த ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். 1973இல் பல்கலைக்கழகம் வந்தது. 1985இல் உலக அறிவியல் கண்காட்சி நடந்தது. நிலையத்துக்கு அருகிலேயே, 50 மீட்டர் உயர ராக்கெட் மாதிரியொன்று மினாரா போல நிற்கிறது. அகன்ற சாலைகள், சாலைக்கு மேலே நடப்பவர்களுக்கென்று தனிப் பாதைகள், இருபுறமும் மஞ்சள் நிறமடைந்த மரங்கள், வடக்கே இரட்டைச் சிகரத்துடன் 877 மீட்டர் உயரச் சுகுபா மலை. 2007 முதல் இவ்வூர்த் தெருக்களில், மனிதர்கள் நடமாடும் பாதையிலேயே, தானியங்கி ரோபோக்களை ஓடவிட்டுப் பரீட்சை செய்கிறார்கள். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. நான்தான் பார்த்தேன்.

ஆனால், வாசகர்களே, அந்த நகரத்தில் என் மனத்தை முதலில் தொட்டது ராக்கெட்டும் அன்று, ரோபோவும் அன்று. மருமகனின் வாடகை வீட்டு வாசற்படி! ஜப்பானியர் வீட்டு வாசலுக்குள் தாழ்வான ஒரு சிறு இடம் விடுகிறார்கள். அங்கே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஒரு படி மேலே ஏறி வீட்டுக்குள் வர வேண்டும். வயோதிகருக்காக அங்கே கைப்பிடி வைத்திருக்கிறார்கள். குனியாமல் காலணி மாட்ட நீண்ட கரண்டி போன்றதொரு சாதனமும் தொங்குகிறது. அந்நாட்டில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும் இந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் ஏதோ சொந்த ஊருக்கு வந்தது போலிருந்தது. அதே கணத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் யாரும் செருப்புடன் உள்ளே வருவதில்லை. ராத்தா ஒருவர்தான் பூட்ஸுடன் நடப்பார். காலிப்பரோடு பூட்ஸ் ஒன்றாகப் பிணைந்திருக்கையில் வேறு என்ன செய்வது? வாசலில் ஒரு பழந்துணி வைத்திருப்பார். குனிந்து அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். விருந்தினர் இருக்கும் நாளில் அந்தத் துணியைத் தேடும் அவசரத்தைப் பார்த்திருக்கிறேன். சிறுவனாக இருந்த எனக்கு அப்போது அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இந்தத் துன்பம் நம் நாட்டில் ஒருவருக்கும் புலப்படவில்லை என்று சொல்ல முடியாது. வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி அமரவும், வயல் சேற்றில் இறங்கவும் ஏற்ற செயற்கைக் காலை 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கினார்கள். பூட்ஸ் தேவைப்படாத கால் அது. ஆனால் அது காலை இழந்தவர்களுக்கானது. கால் இருந்தும் வலுவில்லாதவர்களின் காலிப்பர் வெகுகாலம் பூட்ஸோடுதான் இருந்தது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெருநகர மருத்துவமனையில் மோட்டார் பொருத்திய கால்தாங்கி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ராத்தாவை அழைத்துச் சென்றோம். முதுமை நெருங்க நெருங்க, இத்தனை காலம் பாரம் சுமந்த இடது காலும் தளர்ந்து வந்தது. ஊன்றுகோலில் ஊன்றி ஊன்றி வலது மணிக்கட்டும் பலவீனப்பட்டிருந்தது. அங்கே இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தாம், மரியாதையாகத்தான் நடந்தார்கள். தொடை நீளத்துக்கு ஏற்பக் கம்பியை நீட்ட, ஆலன் கீயால் நான்கு திருகாணிகளைத் தளர்த்தி, அளந்து, மறுபடி முடுக்கினார்கள். பிறகு முழங்கால் கீழே, பிறகு இடுப்பு. பட்டைகளை இழுத்துக் கட்டினார்கள். தளர்ந்திருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். வருவார் என்று சொல்லப்பட்ட பெண் ஊழியர் வரவில்லை. ராத்தா கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். பூட்டுவதற்கு 45 நிமிடம்; நடந்தது 10 நிமிடம். நடந்தார் என்னவோ உண்மை! ஊன்றுகோலை மெல்லத் தொட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார். மறுநாளும் வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை.

"நடக்க வைக்கிற யந்திரம் நல்லதுதான். என்னைப் பூட்ட ரெண்டு ஆள் வேணுமே" என்று மட்டும் சொன்னார். அன்று அந்த அறையில் மருமகனும் நின்றுகொண்டிருந்தான்; பொறியியல் கல்லூரி மாணவன்.

அவனுடைய ஆய்வுக்கூடத்தின் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். சாதாரணமான கட்டடம், அங்கும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே அணியும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட மேசைகள், கம்பிகள், மோட்டார்கள், பட்டைகள். ஒரு மூலையில் துணி தைக்கும் இயந்திரமும் கண்டு வியந்தேன்.

"மோட்டாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் மாமா. ஆனால் மோட்டாரின் பலம் காலுக்குப் போய்ச் சேருவது பட்டையின் வழியாகத்தானே?" என்று அவன் தொடங்கினான். அன்று அவன் சொன்னவற்றுள் எனக்கு விளங்கியவற்றைத் தங்களுக்குத் தருகிறேன்.

மனிதனின் முழங்கால் கதவின் கீல் போன்றதன்று. மடங்கும்போது எலும்பு எலும்பின்மேல் உருண்டும் வழுக்கியும் செல்வதால், அதன் சுழல் மையம் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. இயந்திரத்தின் மூட்டோ ஒரே அச்சில் சுழல்வது. இரண்டுக்கும் உள்ள சில மில்லிமீட்டர் வேற்றுமை ஒவ்வோர் அடியிலும் பட்டையை மேலும் கீழும் இழுக்கிறது. தோல் உராய்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் உணர்வை இழந்தவர்களுக்கு அந்த உராய்வு தெரியாது. புண்ணான பிறகே தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். ஆகவே பிணைப்பு இறுக்கமாகவும் இருக்க வேண்டும், தோலை நெரிக்கவும் கூடாது. தவறான இடத்தில் பூட்டினால் எத்தகைய மோட்டாரும் எதிரிதான்.

அடுத்தது, பூட்டுகிற கை. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு ஒரு கையே உதவும். இரு கையாலும் இழுத்துக் குத்தும் பக்கிள் அவருக்கு எதற்கு? நம் ராத்தாவைப் போல மணிக்கட்டு நலிந்தவர்களுக்கோ திருகுவது இயலாது, அழுத்துவது இயலும்.

மூன்றாவதாக அவன் சொன்னதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "மாட்டு வண்டியின் கடையாணியை நினைத்துக்கொள்ளுங்கள் மாமா" என்றான். சுகுபாவில் உட்கார்ந்துகொண்டு கடையாணி! ஆனால் அவன் சொன்னது எவ்வளவு பொருத்தம்! வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது அச்சு. கடையாணி பாரம் எதையும் தாங்குவதில்லை. சக்கரம் வெளியே நழுவாமல் காவல் நிற்கிறது, அவ்வளவே. அதனால்தான் அவ்வளவு சிறிய ஆணி போதுகிறது. கையாலேயே பிடுங்கவும் முடிகிறது. அவன் வடிவமைத்த பிணைப்பிலும் ஆப்பு வடிவான ஒரு நாக்கு, அதற்கேற்ற பள்ளத்தில் போய் அமர்கிறது. காலின் பாரமும் மோட்டாரின் விசையும் அந்தப் பள்ளத்தின் சுவரில் போய்ச் சேர்கின்றன. ஒரு சிறிய ஸ்பிரிங் கொக்கி நாக்கைக் காவல் காக்கிறது. அதைத் திறக்க ஒரு கட்டைவிரல் போதும். இத்தோடு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: நின்றுகொண்டிருக்கும்போது பாரம் அந்த நாக்கைப் பள்ளத்தோடு அழுத்திப் பிடிப்பதால், கொக்கி தவறித் திறந்தாலும் நாக்கு நழுவாது. உட்கார்ந்து பாரத்தை இறக்கினால்தான் வெளிவரும்.

"இதை யாரிடம் கற்றாய்?" என்றேன். அவன் காலிப்பரின் முழங்கால் பூட்டைச் சுட்டினான். அங்கே இரு கம்பிகளிலும் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. எழுந்து நின்றதும் அவை தம் எடையாலேயே கீழே சரிந்து மூட்டைப் பூட்டிவிடும். உட்கார வேண்டுமானால் வளையத்தை விரலால் மேலே தூக்க வேண்டும். பாரம் இருக்கையில் தூக்க வராது. ஐந்து வயதில் அவன் கையில் கிடைத்த முதல் இயந்திரம் அதுதான்!

கருவியின்றிப் பூட்டும் கலை நமக்குப் புதிதன்று என்பதை அன்று உணர்ந்தேன். டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தினால் ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானே இறுகிவிடுகிறது. குண்டு பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருகினால் நின்றுவிடுகிறது. ஊன்றுகோலின் உயரத்தை ஒரு ஸ்பிரிங் குமிழை அமுக்கிக் கூட்டிக் குறைக்கிறோம். மிதிவண்டிச் சக்கரத்தை ஒரு நெம்புகோலைப் புரட்டிக் கழற்றுவது இத்தாலியரான துல்லியோ காம்பன்யோலோவின் ஏற்பாடு. 1927இல் ஒரு பந்தயத்தில், கடுங்குளிரில் விரல் விறைத்து மரைகளைத் திறக்க முடியாமல் தோற்றதால் அந்த யோசனை பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டையோ, நம் வயலோரத்து நாயுருவியைப் போல் துணியில் ஒட்டும் ஒருவகைக் காய்களைத் தம் நாயின் ரோமத்தில் கண்ட ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்னும் சுவிஸ் பொறியாளரின் கண்டுபிடிப்பு. வெல்க்ரோவை மருமகன் அவ்வளவாக நம்புவதில்லை. துணி நூலும் பஞ்சும் அடைத்துப் பிடிப்பு குறைந்துபோகும். எவ்வளவு இறுக்கினோம் என்பதும் நாளுக்கு நாள் வேறுபடும்.

பிறகு காலிப்பரை விளக்கின் கீழே கிடத்தினான். அவனுடைய ஜப்பானியத் தோழர்கள் இருவர் வந்து, தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, குனிந்து பார்த்தார்கள். மேலிருந்து இரண்டாவது பட்டையில் பக்கிளின் முள் இல்லை. அதற்குப் பதிலாக ரவிக்கைக்கு வைக்கும் பெரிய கொக்கி தைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பட்டையின் நுனியில் நைலான் கயிற்றால் ஒரு வளையம். கட்டைவிரலை அதற்குள் நுழைத்து இழுத்தால் பட்டை இறுகும். தொடைப் பட்டையின் உட்புறம் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு தோழர் அந்தக் கயிற்று வளையத்தில் தம் கட்டைவிரலை விட்டு இழுத்துப் பார்த்தார். உடனே மருமகனிடம் ஏதோ கேட்டார். "இதை யார் செய்தது என்று கேட்கிறார்" என்று அவன் எனக்கு மொழிபெயர்த்தான். அவருக்கு விடை சொல்லும்போது அவன் குரல் சற்றுத் தாழ்ந்தது. நான் 45 வயதுவரை அந்தக் காலிப்பரோடு ஒரே வீட்டில் புழங்கியவன். அந்த வளையத்தை அன்றுதான் கண்டேன்.

ராத்தாவின் கால் வலுவிழந்ததே தவிர உணர்விழக்கவில்லை. இளம்பிள்ளைவாதம் தசையை இயக்கும் நரம்பைத்தான் தாக்கும். தொடு உணர்வை விட்டுவிடும். ஆகவே எங்கே உறுத்துகிறது என்பதை அவர் 48 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அறிந்திருக்கிறார். தோல் தேய்ந்த இடம், ரப்பர் ஒட்டிய இடம், துளையைப் பெரிதாக்கிய இடம் எல்லாவற்றையும் அவர்கள் படம் எடுத்து அளந்து குறித்துக்கொண்டார்கள்.

மாலையில் ஒரு கணக்கு வந்தது. ஒரு பிணைப்பு எத்தனை முறை பூட்டித் திறந்தால் தேயும் என்பதை ஓர் இயந்திரத்தில் மாட்டிப் பரிசோதிக்கிறார்கள். காலையில் ஒருமுறை அணிந்து இரவில் கழற்றுவதாக வைத்தால் ஆண்டுக்கு 365 முறை. அது போதாது என்று மருமகன் ஆரம்பத்திலேயே வாதாடியிருக்கிறான். "எங்கள் வீட்டில் 5 வேளை" என்று சொன்னானாம். உளூச் செய்யக் காலைக் கழுவ வேண்டும். கட்டுப் போட்ட உறுப்பின்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகையை ராத்தாவிடம் நானே பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மத்ரஸாவில் பாடமும் நடத்தியிருக்கிறேன். "கழற்ற முடியாதவங்களுக்குத்தானே அது?" என்று கேட்டுவிட்டுக் கழற்றிக் கழுவுவார். ஆக, ஆண்டுக்கு 1,825 முறை. ஐந்தாண்டுக்கு 9,125 முறை. அவர்களுடைய பரிசோதனை ஏட்டில் இப்போது 10,000 என்று எழுதியிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது அந்த ஏட்டைப் படிப்பவருக்குத் தெரியாது.

மறுநாள் ஊரைச் சுற்றிக் காட்டினான். கால்தாங்கி இயந்திரங்களின் சரித்திரத்தில் சுகுபாவுக்குத் தனி இடமுண்டு. இங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் 2004இல் நிறுவிய சைபர்டைன் நிறுவனம் 'ஹால்' என்னும் இயந்திரத்தைச் செய்கிறது. நடக்க நினைத்ததும் மூளையிலிருந்து தசைக்கு வரும் மெல்லிய மின்குறிப்பைத் தோலின்மீது ஒட்டிய உணரிகள் அறிந்து, மோட்டாரை அதற்கேற்ப இயக்கும். 2015 நவம்பரில் ஜப்பான் அரசு இதை மருத்துவ சாதனமாக அங்கீகரித்தது. தசையும் நரம்பும் நலியும் எட்டு அரிய நோய்களுக்கு இது பயன்படலாயிற்று. "உம்மாவுக்கு உதவுமா?" என்று நான் கேட்டேன். தசைக்குப் போகும் நரம்பே பட்டுப்போன இடத்தில் குறிப்பு ஏது, மாமா என்றான். டொயோட்டா நிறுவனமும் பக்கவாத நோயாளிகளுக்காக ஓர் இயந்திரத்தை 2017இல் மருத்துவமனைகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. தொடக்கக் கட்டணம் 10 லட்சம் யென், மாதம் 3.5 லட்சம் யென். வீட்டுக்கு வாங்கி வரும் பொருளன்று என்பது தங்களுக்கே விளங்கும்.

பூட்டும் முறையில் அவன் மிகவும் மதிப்பவை வேறிரண்டு. அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'இண்டிகோ' ஐந்து துண்டுகளாகப் பிரியும். இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொன்றாக அணிந்து, ஒன்றோடொன்று அழுத்தி இணைத்துக்கொள்ளலாம். மற்றொன்றை ரயில் நிலையத்து இருக்கையில் அமர்ந்து தன் கைப்பேசியில் காட்டினான். நான் போனதற்கு முந்தைய மாதம், 2024 அக்டோபரில், தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தார் வெளியிட்ட 'வாக்கான் சூட் எஃப்1' அது. இயந்திரம் யாரும் அணியாமல் தானே நிமிர்ந்து நடந்து வருகிறது! சக்கர நாற்காலியில் இருப்பவர் முன்னே வந்து நிற்கிறது. அவர் நாற்காலியை விட்டு இறங்காமலேயே, முன்புறமாக அதனோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு எழுகிறார். அதே மாதம் நடந்த சைபாத்லான் போட்டியில் அந்த அணிதான் முதற்பரிசு பெற்றது.

நான் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். இயந்திரம் நடந்து வந்ததைக் காட்டிலும், அந்த மனிதரின் அருகே வேறொருவரும் குனிந்திருக்கவில்லை என்பதே என் கண்ணில் பட்டது.

என்னாலும் அவனுக்கு ஓர் உதவி நேர்ந்தது என்று சொன்னால் தற்பெருமை ஆகாது என்று நம்புகிறேன். அவன் காந்தத்தால் தானே போய் ஒட்டிக்கொள்ளும் கொக்கியொன்றைச் செய்திருந்தான். மிக அழகானது, அருகே கொண்டுபோனாலே இடத்தைக் கண்டுபிடித்து அமர்ந்துகொள்ளும். "நம் பக்கத்துக் கடற்கரையில் கரிய மணல் கிடக்குமே, காந்தத்தைக் காட்டினால் மீசைபோல் ஒட்டிக்கொள்ளுமே, மறந்துவிட்டாயா?" என்றேன். உப்பளக் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் என்ன கதி அடைகின்றன என்பதையும் நினைவூட்டினேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, விளிம்பில் மணல் உதிர்ந்துபோக ஒரு திறப்பும் வைக்கப்போவதாகச் சொன்னான்.

புறப்படும் நாளன்று காலிப்பரைத் திருப்பிக் கொடுத்தான். மோட்டார் வைத்த தாங்கி இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவரும் நிலையில் இல்லை. ஆனால் அதற்காகச் செய்த பிணைப்பொன்றைக் காலிப்பரின் மேல் பட்டையில் பொருத்தியிருந்தான். நாக்கு சரியாக அமர்ந்தால் மூன்று சான்றுகள் உண்டு: காதுக்கு 'டக்' என்றொரு ஓசை, கண்ணுக்குச் சிவப்புப் புள்ளி மறைவது, விரலுக்கு ஒரு சிறு துடிப்பு. கால் உணர்வற்றவர் பூட்டியதாக நினைத்து எழுந்து விழுந்துவிடக் கூடாது என்பதால் ஓசையை அவன் வேண்டுமென்றே பெரிதாக வைத்திருக்கிறான். கீழே மூன்றாவது பட்டையின் கயிற்று வளையத்தில் அவன் கை வைக்கவே இல்லை.

ஊர் வந்து சேர்ந்த அன்று, ராத்தா பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, காலிப்பரை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து 'டக்' என்று கேட்டது. பிறகு திறக்கும் ஓசை. மறுபடி 'டக்'. ஏழெட்டு முறை கேட்டது. மகனைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்.

"நல்லா இருக்கு வாப்பா. இடது கையாலேயே ஆயிடுது. சத்தம்தான் பெரிசா இருக்கு. சுபுஹுக்கு எழும்போது பக்கத்து அறையில பிள்ளைங்க முழிச்சிக்குவாங்க."

மறுமுனையில் சற்று மௌனம். "சத்தத்தைக் குறைத்தால், பூட்டியது எப்படித் தெரியும் உம்மா?"

"விரலுக்குத் தெரியுதே" என்றார் ராத்தா.